வெளிப்பக்கமாக மடித்த இலை

பாட்டி,

உன் கருமாதிப் பந்தியில் நான் இலையைத் தப்பாக மடித்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜாசின் ஊரில் நம் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தோம். கடைசிப் பந்தியில்தான் நான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து வருகிறவர்களைக் கவனித்த களைப்பு. சாப்பிட்டு முடித்ததும், பழகிய கை, இலையின் மேல்பாதியை என் பக்கமாக இழுத்து மூடிவிட்டது. கல்யாண வீட்டில் மடிப்பதுபோல. சாவு வீட்டில் கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். எட்டு வயதில் ஒரு துக்க வீட்டில் இதே தப்பைச் செய்தபோது தொடையில் கிள்ளினாய். "உள்பக்கமா மடிச்சா திரும்ப வர்றேன்னு அர்த்தம். இதுக்கெல்லாம் யாராச்சும் திரும்ப வருவாங்களா?"

பக்கத்தில் அஞ்சலைச் சின்னப்பாட்டி உட்கார்ந்திருந்தார். ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உனக்கு அடுத்த வீடு. உன் நிரைக்குப் பக்கத்து நிரையில், அடுத்த மரவரிசையில், பட்டை சீவிப் பால்மரம் வெட்டியவர். இப்போது மெர்லிமாவில் மகளோடு இருக்கிறார். தொண்ணூறை நெருங்கிவிட்டார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். அவர் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளும் இப்படித்தான்டா மடிச்சு வச்சிருந்தான்," என்றார்.

"எந்த ஆளு சின்னப்பாட்டி?"

"உன் பாட்டி சோறு வச்சாளே, அந்த ஆளு."

"சோறு வச்சது தாத்தாதானே?"

அவர் தண்ணீரை எடுத்து மெதுவாகக் குடித்தார். "பேப்பர்ல எழுதுனது நீதானே? நல்லா எழுதுன லா. எம் மக படிச்சுக் காட்டுனா."

அந்தக் கட்டுரை உனக்கு நினைவிருக்கும். இருபது வருடங்களுக்கு முன்பு ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கம் வந்தது. 'காட்டுக்குச் சோறு கொடுத்தவர்' என்று தலைப்பு வைத்ததும் நான்தான். சிம்பாங் அம்பாட்டில் அத்தை வீட்டில் நீ இருந்தபோது நாளிதழோடு வந்து, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். முடிந்ததும், "உங்க தாத்தா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு," என்றாய். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அதில் நான் எழுதியது இவ்வளவுதான். வெள்ளையர் ஆண்ட மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்திருந்து வெள்ளையரோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். காலையில் கேட் திறக்கும்போது ஆளுக்கு ஆள் சோதனை. மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. தாத்தா எப்படியோ கொண்டுபோனார். பிடிபட்டார். காவலில் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர அனுமதி இல்லை.

அந்த 'எப்படியோ' என்ற சொல்லை இளம் நிருபர் யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால் அடித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். என் குடும்பத்துக் கதை என்பதால் அப்படியே அச்சுக்கு விட்டேன்.

கூடாரத்தில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சின்னப்பாட்டி எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கைகூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு அப்போது ஒரு வயதாம். விடாத காய்ச்சல். உன் நிரையின் கடைசி மரத்தைத் தாண்டினால் காடு தொடங்கும் இடத்தில் முனிக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். பிள்ளை பிழைத்தால் ஒரு வருடத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் ஓர் இலைச் சோறு வைப்பதாக நீ அங்கே நேர்ந்துகொண்டாய். காய்ச்சல் இறங்கியது. ஆறு மாதம் எல்லோரும் பார்க்கவே கொண்டுபோய் வைத்தாய். பிறகு வேலி வந்தது. நேர்ச்சையைப் பாதியில் விட்டால் பிள்ளைக்கு ஆகாதே என்ற பயம் உனக்கு.

"அப்புறம் எப்படிச் சின்னப்பாட்டி கொண்டுபோனாங்க?"

"வயித்துல கட்டிக்கிட்டுத்தான். இலையில சுருட்டி, துணியச் சுத்தி, சேலைக்குள்ள. கேட்டுல கேட்டா வயித்துல புள்ளன்னுடுவா. சோதனை போடுற பொம்பள தொடமாட்டா. எட்டு மாசமா அவ வயித்துல நாலு மாசப் புள்ளதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அந்தப் பொம்பளைக்கு மாசக் கணக்கு வராது போல. இல்லாட்டி தெரிஞ்சுக்கிட்டே விட்டிருப்பா. யாரு கண்டா?"

நானும் சிரித்தேன். அவர் தொடர்ந்தார்.

"ஆற வைக்க நேரமேது? பொங்கி இறக்குன சூட்டோட கட்டிக்குவா. நிரைக்குப் போய் அவுத்தா வயிறு செக்கச்செவேல்னு கிடக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது, பாட்டி. சின்ன வயதில் உன் பக்கத்தில் படுத்திருக்கும்போது என் கை அங்கே பட்டிருக்கிறது. தொப்புளுக்கு இடப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, வலைபோல் கோடு விழுந்த தோல். என்ன இது என்று கேட்டேன். "கஞ்சி கொட்டிடுச்சு," என்றாய். ஒரு முறை கொட்டிய கஞ்சி அப்படிப்பட்ட தழும்பை உண்டாக்காது என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியாது. ஐம்பது வயதிலும் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

இதுவரை இது ஒரு தாயின் நேர்ச்சைதான். நான் அதிர்ந்தது இதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டு.

"மொதல்ல எல்லாம் இலை கிழிஞ்சு சிதறிக் கிடக்கும். காக்கா, குரங்கு. ஒரு வெள்ளிக்கிழமை வச்சோம். மறுநா போய்ப் பாக்குறோம், இலை மடிச்சிருக்கு. உள்பக்கமா. பறக்காம மேல ஒரு கல்லு வேற. ஏக்கா, சாமி இலைய மடிக்குமாக்கான்னு கேட்டேன். வாய மூடிக்கிட்டு வேலையப் பாருடின்னா."

"அப்புறம்?"

"அடுத்த வெள்ளிக்கிழமை இலை ஓரத்துல ஒரு பிடி உப்பு வச்சா. நம்ம முனிக்கு உப்பில்லாச் சோறுதானே படைப்போம். சாமிக்கு உப்பு ஆகாதேக்கான்னேன். உப்பில்லாம எப்படிடி திம்பான்னா." சின்னப்பாட்டி என் முகத்தைப் பார்த்தார். "திம்பான்னா. பாத்துக்க."

யார் அவன் என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அவன் முகத்தை நீயும் பார்க்கவில்லை, தானும் பார்க்கவில்லை என்றார். "இலைய மடிக்கத் தெரிஞ்சவன். நம்மாளு. அவ்வளவுதான் தெரியும்." உன் ஒரு வருட நேர்ச்சை எப்போது முடிந்தது என்று கேட்டேன். முடிந்த பிறகும் இரண்டு மாதம் வைத்தாய் என்றார்.

நீ சாமிக்கு வைத்தாய், எவனோ தின்றுவிட்டுப் போனான் என்று நான் எழுதிக்கொள்ள முடியாதபடி அந்த இரண்டு மாதம் குறுக்கே நிற்கிறது. பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. மடியில் ஒரு பிள்ளை, வீட்டில் புருஷன். பெயர் தெரியாத ஒருவனுக்காக வெந்த சோற்றை வயிற்றில் கட்டிக்கொண்டு துப்பாக்கிக்காரர்களைத் தாண்டிப் போயிருக்கிறாய். என்னிடம் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன பாட்டி அவள்தானா என்று அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்து யோசித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ரோந்து வந்தவர்கள் இலையைப் பார்த்துவிட்டார்கள். அவன் வருவதற்கு முன்பே. மத்தியானம் பிரட்டுக் களத்தில் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார்கள். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் அதே இடம். மேசைமேல் இலை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி, மொழிபெயர்க்கத் தோட்டத்துக் கணக்கரான கிராணி.

"முனிக்கு வச்ச படையலுங்க தொரைன்னு எல்லாரும் சொன்னோம். அவனும் சரி சரின்னுதான் நின்னான். கிராணிதான் குனிஞ்சு பாத்துட்டு, சாமி இலையில உப்பு எதுக்குன்னான். மனுசன் உக்காந்து திங்கிற இலைக்குத்தானே உப்பு வைப்போம். அவனும் நம்மாளு, தெரியாதா?"

அதைக் கேட்டதும் தாத்தா தலையைத் திருப்பி உன்னைப் பார்த்தாராம். அதுவரை அவரும் அது முனிக்கு வைத்தது என்றே நம்பியிருந்தார். தன் மனைவி யாரோ ஓர் ஆளுக்கு இலை போட்டிருக்கிறாள் என்பதை அந்த மனிதர் கிராணியின் வாயிலிருந்து தெரிந்துகொண்டார், அத்தனை பேர் நடுவில். இடுப்பில் பிள்ளையோடு நீ அவரையே பார்த்தபடி நின்றிருந்தாய். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "எனக்குச் சொல்லத் தெரியலடா," என்றார் சின்னப்பாட்டி.

பிறகு தாத்தா வரிசையை விட்டு முன்னால் வந்து, "நான்தான் வச்சேன்," என்றார்.

நீ வாயைத் திறந்தாய். அவர் திரும்பாமலே, "புள்ள அழுவுது, போயி பால குடு," என்றார். அப்பா அழவில்லையாம். உன் தோளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கதை அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்து நான் எழுந்தேன். சின்னப்பாட்டி என் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் போனா," என்றார்.

முனிக் கல்லைச் சுற்றிப் புதருக்குள் பட்டாளத்துக்காரர்கள் ஒளிந்து காத்திருந்தார்கள். சோறு தேடி வருகிறவனைச் சுட. மரம் வெட்டும் எல்லோருக்கும் அது தெரியும். வேலியைத் தாண்டி அவனுக்குச் சொல்லியனுப்ப மட்டும் வழியில்லை. நீ நிரை ஓரத்து வாழையிலிருந்து ஓர் இலையை அறுத்தாய். சோறு இல்லை, உப்பு இல்லை. வெறும் இலையைக் கல்லுக்கு முன்னால் விரித்து, கீழ்ப்பாதியைத் தூக்கி வெளிப்பக்கமாகத் தள்ளி மடித்து வைத்தாய். சாவு வீட்டு மடிப்பு.

"புதருக்குள்ளேருந்து ஒருத்தன் துப்பாக்கியோட வந்தான். இலைய எடுத்து விரிச்சான். முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தான். ஒண்ணுமில்ல. கீழ போட்டான். உன் பாட்டி குனிஞ்சா. அந்த இலைய எடுத்துத் தட்டி, அவன் பாக்கப் பாக்க, மறுபடியும் வெளிப்பக்கமா மடிச்சு வச்சுட்டு வந்து மரத்த வெட்ட ஆரம்பிச்சா."

"அந்த ஆளு வந்தானா? சுட்ட சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கல. ரெண்டு வாரம் கிடந்தானுங்க. பட்டாளத்தானுங்க கொசுக்கடி வாங்கிக்கிட்டுத் திரும்பிப் போனானுங்க."

அவன் அந்த இலையைப் பார்த்தானா, பார்த்துத்தான் திரும்பினானா, எனக்குத் தெரியாது. உறுதிப்படுத்த வழியும் இல்லை.

ஒருவர் மட்டும் சொன்னதை வைத்து நான் செய்தி எழுதியதில்லை, உன் விஷயத்தைத் தவிர. அதனால் நான்கு நாள் கழித்து மெர்லிமாவுக்குப் போனேன். சின்னப்பாட்டியிடம் அதே கேள்விகளைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கேட்டேன். ஒரு பதிலும் மாறவில்லை. "என்னடா, மாத்தா மாதிரி கேக்குற?" என்று போலீஸ்காரனுக்கு அவர்கள் காலத்தில் சொன்ன வார்த்தையால் என்னைத் திட்டினார். வரும் வழியில் தோட்டத்துக்கும் போனேன். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து பல காலம் ஆகிவிட்டது. முனிக் கல்லுக்குச் சிமெண்டுக் கூரை போட்டிருக்கிறார்கள். ஆரஞ்சுப் பழமும் சுருட்டும் வைத்திருந்தது. உப்பு இல்லை.

சின்னப்பாட்டிக்குத் தெரியாத ஒன்றுதான் மிச்சம். தாத்தா உன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு லாரி ஏறினார் என்பது. அதைச் சொல்லிக்கொள்ள ஒரு நிமிடம்கூட உங்களுக்குக் கொடுக்கவில்லை. காவலில் இருந்தவரை நீ போய்ப் பார்த்தபோதெல்லாம் நடுவில் கம்பிவலையும் பக்கத்தில் காவலாளியும். பிறகு கப்பல். நீ எழுதத் தெரியாதவள். இன்னொருவர் கையால் கடிதத்தில் எழுதக்கூடிய சங்கதியும் அல்ல அது.

உன் பயணங்களை நாங்கள் குடும்பத்தில் வேடிக்கையாகத்தான் சொல்வோம். மூன்று தடவை கப்பலில் நாகப்பட்டினம், ஒரு தடவை விமானத்தில் மெட்ராஸ். கப்பலில் வாந்தி எடுக்காத ஒரே பொம்பளை நீதான் என்று நீயே பீற்றிக்கொள்வாய். தஞ்சாவூர்ப் பக்கத்தில் தாத்தாவின் ஊரில் சில மாதம், திரும்ப ஜாசினுக்கு வந்து மரம் வெட்டுவாய், பிறகு மறுபடி கப்பல். அத்தை அந்தக் கரையில் பிறந்தார், சித்தப்பா இந்தக் கரையில். முப்பது வருடத்துக்கு மேல் நீடித்த கல்யாணத்தில் நீங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு வருடம் தேறாது. கடைசியாகத் தாத்தா படுத்துவிட்டார் என்று தந்தி வந்தபோது அப்பா உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது எடுத்து மூன்று நாளாகிவிட்டது. "வானத்துல போனா சீக்கிரம் போயிடலாம்னீங்க. வானத்துல போயும் லேட்டுதான் லா," என்று திரும்பி வந்து சொன்னாய். ஒருவரும் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் கப்பலை மட்டும் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மேல்தட்டில் பாய் விரித்து, ஒரு வாரம். நீ புருஷனைப் பார்க்க மட்டும் போகவில்லை.

கட்டுரைக்காக உன்னைப் பேச வைத்துப் பதிவு செய்த ஒலிநாடா என் மேசை இழுப்பறையில் இருபது வருடம் கிடந்தது. அதை ஓட வைக்கும் கருவியைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு வாரம் ஆனது. நேற்று காலையில் கேட்டேன். முதல் பக்கம் முழுக்க என் குரல்தான் அதிகம். "தாத்தா தினமும் சோறு கொண்டுபோவாரா?" என்று கேட்கிறேன். "நீயே எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே," என்கிறாய். நான் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறேன். "தாத்தாவுக்குப் பயமே இல்லையா?" "அவருக்கா? பயந்தாங்கொள்ளி. எலியக் கண்டா கட்டில்மேல ஏறிக்குவாரு." அதை நான் கட்டுரையில் சேர்க்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில், கிட்டத்தட்ட முடிவில், "கப்பல விட்டு இறங்கிப் போனீங்களே, தாத்தா என்ன சொன்னாரு?" என்று கேட்கிறேன்.

உன் பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"ஒண்ணும் சொல்லல. அவரே பொங்கி வச்சிருந்தாரு. ரெண்டு பேருக்கும் இலை போட்டாரு. நான் கையே வைக்கல. சொல்ல வேண்டியது ஒண்ணு இருந்துச்சு, அதச் சொன்னேன். தலையக் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே கேட்டாரு. சாப்பிட்டு முடிச்சாரு. இலைய உள்பக்கமா மடிச்சாரு. எந்திரிச்சு வந்து என் இலையில உப்பு வச்சாரு. அப்புறந்தான் நான் சாப்பிட்டேன்."

இதையும் நான் கட்டுரையில் சேர்க்கவில்லை. குறிப்பேட்டில் இந்த இடத்தில் 'சாப்பாடு, தேவையில்லை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

நடந்ததைத் திருத்தி எழுத வேண்டியது என் தொழில் கடமை. சோறு வைத்தவர் தாத்தா அல்ல, நீ. ஆனால் அந்தக் கட்டுரையை நான் வாசித்தபோது திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவளும் நீதான். அவர் உனக்காகச் சுமந்ததை அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டாயா, அல்லது என்றைக்காவது நானாகக் கேட்பேன் என்று பார்த்தாயா, தெரியவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எழுபதைத் தாண்டியவர். அன்றைக்கு உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தவர்.

நீ அதைச் சொல்லி முடித்த பிறகு நாடாவில் மௌனம். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. நேற்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், பதினோரு வினாடி. நீ காத்திருக்கிறாய், பாட்டி. உன் மூச்சு கேட்கிறது. என்ன சொன்னீங்க பாட்டி என்று நான் கேட்பதற்காக, வாழ்நாளெல்லாம் சொல்லாததைப் பதினோரு வினாடி கையில் எடுத்து வைத்துக்கொண்டு நீ என் எதிரே உட்கார்ந்திருக்கிறாய்.

பிறகு என் குரல் வருகிறது.

"அந்தக் கப்பலோட பேரு என்ன பாட்டி?"

"மறந்துபோச்சுடா," என்கிறாய்.

அந்தப் பதினோரு வினாடிதான் இப்போது என்னிடம் இருக்கிறது.